மீனாட்சிசுந்தரம் ‘மீனாட்சி’ ஆன கதை!

கம்ப்யூட்டருக்குள் பெயரின் வால் எப்படிக் காணாமல் போகிறது?

மீனாட்சிசுந்தரம் என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் தஞ்சாவூர். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெயரில்தான் கையெழுத்துப் போடுகிறார். அவர் கணக்கு வைத்திருக்கும் ஓர் அலுவலகம், பழைய கம்ப்யூட்டர் முறையிலிருந்து புதிய முறைக்கு மாறுகிறது. அடுத்த மாதம் வீட்டுக்கு வரும் ரசீதில் அவர் பெயர் ‘மீனாட்சி’!

வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. “தாத்தா, இனிமே உங்களை மீனாட்சிப் பாட்டின்னுதான் கூப்பிடுவேன்” என்கிறாள் பேத்தி. சிரிப்பு அடங்குவதற்குள் சிக்கல் ஆரம்பிக்கிறது. அடையாள அட்டையில் ஒரு பெயர், ரசீதில் இன்னொரு பெயர். ‘பெயர் பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பி வருகிறது. நேரில் போய்க் கேட்டால், “சார், சிஸ்டத்துல மீனாட்சின்னுதானே இருக்கு?” என்கிறார் கவுன்ட்டரில் இருப்பவர். சிஸ்டத்தில் இருப்பதுதான் நிஜம். எதிரே நிற்கும் மனிதர்தான் நிரூபிக்க வேண்டும்!

இந்த ஆசிரியர் கற்பனை. ஆனால், இப்படி நடப்பதற்கான வழி கற்பனை இல்லை. இங்கே யாரும் பெயரைத் தப்பாக டைப் செய்யவில்லை. வைரஸ் புகவில்லை. பெரிய கட்டத்தில் இருந்த எழுத்துகளைச் சின்னக் கட்டத்துக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். அந்தச் சின்ன வேலைக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போமா?

அஞ்சறைப்பெட்டி, சுருக்குப்பை, சாக்கு!

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணுக்கு ஒரு பத்தி, பெயருக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பத்தி என்று மேலிருந்து கீழே கோடு போட்டிருப்பார்கள். டேட்டாபேஸ் என்பதும் இப்படிக் கோடு போட்ட நோட்டுதான். லட்சக்கணக்கான வரிகள் இருக்கும், தேடினால் நொடியில் கிடைக்கும். மேலிருந்து கீழே இறங்கும் அந்தப் பத்தியைக் கம்ப்யூட்டர்காரர்கள் ‘காலம்’ என்பார்கள். கடிகாரம் காட்டும் காலம் இல்லை; ஆங்கிலக் காலம். குழப்பம் வேண்டாம், நாம் ‘கட்டம்’ என்றே சொல்லிக்கொள்வோம்.

நோட்டில் கோடு போடும்போதே, ‘இந்தக் கட்டத்தில் எழுத்துதான் வரும், அதிகபட்சம் இவ்வளவு நீளம்தான் வரும்’ என்று சொல்லிவிட வேண்டும். எழுத்துக்கான கட்டங்களில் முக்கியமாக மூன்று வகை உண்டு.

முதலாவது ‘சார்’. இது அஞ்சறைப்பெட்டிக் கிண்ணம் மாதிரி. கடுகு கால் கிண்ணம் இருந்தாலும் முழுக் கிண்ணத்தின் இடத்தையும் அடைத்துக்கொள்ளும். நீளம் மாறாத விஷயங்களுக்கு இது பொருத்தம். பான் எண் என்றால் எப்போதும் 10 எழுத்து, பின்கோடு என்றால் 6 இலக்கம், வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி கோடு என்றால் 11.

இரண்டாவது ‘வார்சார்’. இது பாட்டியின் சுருக்குப்பை. உள்ளே இருப்பதற்கு ஏற்ப விரியும், சுருங்கும். ஆனால், துணி எவ்வளவோ அவ்வளவுதான் விரியும். பெயர், முகவரி, இமெயில் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் இருக்கும்.

மூன்றாவது ‘டெக்ஸ்ட்’. இது சாக்கு. கட்டுரை, கடிதம், புகார் மனு என்று நீளமாக வருவதையெல்லாம் இதில் போடுவார்கள். சாக்கிலும் அளவு உண்டு. உலகம் முழுக்கப் பயன்படும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் ‘டைனிடெக்ஸ்ட்’ என்றால் 255 பைட், ‘டெக்ஸ்ட்’ என்றால் 65,535 பைட், ‘மீடியம்டெக்ஸ்ட்’ என்றால் சுமார் 1 கோடியே 67 லட்சம் பைட் கொள்ளும். பைட் என்பது கம்ப்யூட்டர் இடத்தை அளக்கும் படி. நெல்லுக்கு மரக்கால் மாதிரி.

ஏன் இத்தனை கஞ்சத்தனம்?

‘எல்லாவற்றுக்கும் பெரிய சாக்காகவே கொடுத்துவிட்டால் என்ன?’ என்று தோன்றும். இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே, அட்டையில் ஓட்டை போட்டுத் தகவலைச் சேமித்தார்கள். ஐ.பி.எம் நிறுவனம் 1928-ல் கொண்டுவந்த அட்டையில் 80 இடங்கள் இருந்தன. ஒரு ஆளின் எண், பெயர், ஊர், சம்பளம் எல்லாவற்றையும் அந்த 80-க்குள் அடக்க வேண்டும். பெயருக்கு ஓர் இடம் அதிகம் கொடுத்தால், வேறொன்றுக்கு ஓர் இடம் குறையும். அட்டை போய் டிஸ்க் வந்த பிறகும் இடம் தங்கம் மாதிரி விலை விற்றது. அதனால் ‘எவ்வளவு குறைக்கலாம்?’ என்ற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

வருடத்தை நான்கு இலக்கமாக எழுதாமல் இரண்டு இலக்கமாக எழுதியதும் இந்தப் பழக்கத்தால்தான். 1975 என்பதற்கு 75. மிச்சம் இரண்டு இடம். 2000-ம் ஆண்டு நெருங்கியபோது, ‘00 என்றால் 1900-ஆ, 2000-ஆ?’ என்று உலகமே பதறியது. ஒய்-டூ-கே என்று அப்போது பேசினார்களே, அதுவும் கட்டத்தின் அகலம் போதாத பிரச்னைதான். அதைச் சரிசெய்யும் வேலை இந்திய சாஃப்ட்வேர் நிறுவனங்களுக்குக் குவிந்தது.

இன்று இடம் மலிவு. ஆனாலும் அளவு தேவைதான். பின்கோடு கட்டத்தில் யாராவது முழு முகவரியை எழுதினால் அது தப்பு என்று தடுக்க வேண்டாமா? அளவு என்பது காவல்காரன். காவல்காரன் தெரியாமல் கதவைச் சாத்தினால், வீட்டுக்காரரின் விரலே நசுங்கும்!

தமிழுக்கு மூன்று மடங்கு இடம்

மீனாட்சிசுந்தரம் கதைக்கு வருவோம். நாம் எண்ணினால் இந்தப் பெயரில் ஒன்பது எழுத்துகள். மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். ஆனால், கம்ப்யூட்டர் இப்படி எண்ணாது.

யூனிகோட் முறையில் ‘மீ’ என்பது ஒன்றில்லை, இரண்டு. ‘ம’ ஒரு குறி, அதன் மேல் ஏறும் ஈகாரக் கொம்பு இன்னொரு குறி. ‘ட்’ என்பதும் இரண்டு. ‘ட’ ஒரு குறி, புள்ளி ஒரு குறி. இப்படி எண்ணினால் மீனாட்சிசுந்தரத்தில் 16 குறிகள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட் இடம் வேண்டும். ஆக மொத்தம் 48 பைட். இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 17 எழுத்து. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும் என்பதால் 17 பைட்டில் வேலை முடிந்தது.

ஒரே பெயர். கண்ணுக்கு 9, யூனிகோடுக்கு 16, சேமிப்பு இடத்துக்கு 48. மூன்று கணக்கும் சரிதான். ‘25’ என்று கட்டத்துக்கு அளவு போடும்போது, எந்தக் கணக்கில் 25 என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. சில டேட்டாபேஸ்கள் குறிகளை எண்ணும். சில, தனியாகச் சொல்லாவிட்டால், பைட்களை எண்ணும்.

பழைய கட்டம் 50 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 48 பைட் பெயர் அதில் சௌகரியமாக உட்கார்ந்திருந்தது. புதிய கட்டம் 25 பைட். 25-ஐ மூன்றால் வகுத்தால் எட்டு, மிச்சம் ஒன்று. முதல் எட்டுக் குறிகள் என்னென்ன? ம, ஈகாரம், ன, ஆகாரம், ட, புள்ளி, ச, இகாரம். சேர்த்துப் படித்தால்... மீனாட்சி! மிச்சமிருக்கும் ஒரு பைட்டில் ‘சு’வின் ஒரு துண்டு மாட்டிக்கொண்டு கிடக்கும். சில ரசீதுகளில் தமிழ் வரியின் கடைசியில் கறுப்பு டைமண்டுக்குள் ஒரு கேள்விக்குறி தெரியுமே, அது இப்படி உடைந்துபோன எழுத்தாகவும் இருக்கலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. புதிய முறையைச் சோதிக்கும்போது ஆங்கிலப் பெயர்களை மட்டும் போட்டுப் பார்த்திருந்தால், 17 எழுத்துப் பெயர் 25-க்குள் அழகாக அடங்கியிருக்கும். ‘எல்லாம் ஓ.கே’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். தமிழ்ப் பெயர் உள்ளே நுழைந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

எஸ்.எம்.எஸ்ஸிலும் இதே கதைதான். ஒரு எஸ்.எம்.எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து அனுப்பலாம். தமிழில் யூனிகோட் முறையில் அனுப்பினால் 70 குறிகள்தான். அதைத் தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ். கொம்பும் புள்ளியும்கூட அந்தக் கணக்கில் சேரும்.

சின்னதிலிருந்து பெரியதுக்கு...

சொம்புத் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் சிந்தாது. அதுபோல, சின்னக் கட்டத்தைப் பெரிதாக்குவது பொதுவாக ஆபத்தில்லாத வேலை. இதற்குப் புத்தகங்களே சாட்சி.

ஒவ்வொரு புத்தகத்தின் பின் அட்டையிலும் ஐ.எஸ்.பி.என் என்று ஓர் எண் இருக்கும். முன்பு அதற்கு 10 இடம். கடைசி இடத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘எக்ஸ்’ என்ற எழுத்தும் வரலாம் என்பதால், இதை வெறும் எண்ணாகச் சேமிக்க முடியாது. எழுத்தாகத்தான் சேமிக்க வேண்டும். 2007 ஜனவரி 1 முதல் அது 13 இலக்கம் ஆனது. பதிப்பகம், புத்தகக் கடை, நூலகம் என்று உலகம் முழுக்க எல்லோரும் தங்கள் கட்டங்களை அகலப்படுத்தினார்கள். பழைய எண்ணுக்கு முன்னால் 978 சேர்த்து, கடைசிச் சோதனை இலக்கத்தை மறுபடி கணக்குப் போட்டால் புதிய எண் தயார்.

திரும்பிப் போக முடியுமா? 978-ல் தொடங்கும் எண்ணை மறுபடி 10 இலக்கமாக்கலாம். ஆனால், 979 என்று தொடங்கும் எண்களும் பிறகு வந்துவிட்டன. அவற்றுக்கு இணையான 10 இலக்க எண்ணே கிடையாது. பெரிதாக்கும் பாதையில் எல்லோரும் போகலாம். சின்னதாக்கும் பாதையில் எல்லோரும் திரும்ப முடியாது!

பெரிதாக்குவதிலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அஞ்சறைப்பெட்டிக் கிண்ணத்திலிருந்து சுருக்குப்பைக்கு, அதாவது சாரிலிருந்து வார்சாருக்கு மாற்றும்போது, சில டேட்டாபேஸ்களில் கிண்ணத்தை நிரப்ப வைத்திருந்த வெற்றிடங்களும் கூடவே வந்துவிடும். ‘ராஜா’ என்பதும், ‘ராஜா’வுக்குப் பின்னால் ஆறு வெற்றிடம் உள்ளதும் கண்ணுக்கு ஒன்று. ஆனால், தேடும்போது கம்ப்யூட்டர் ‘அப்படி யாரும் இல்லையே’ என்று கைவிரிக்கும்.

இன்னொன்று நேரம். மைஎஸ்கியூஎல்லில் வார்சார் கட்டத்தின் அதிகபட்ச அளவு 255 பைட் வரை இருந்தால், நீளத்தைக் குறித்துவைக்க ஒரு பைட் போதும். அதைத் தாண்டினால் இரண்டு பைட் வேண்டும். அந்த எல்லையைத் தாண்டி அகலப்படுத்தினால், நோட்டு முழுவதையும் திரும்ப எழுதியாக வேண்டும். கோடிக்கணக்கான வரிகள் இருக்கும் நோட்டு என்றால், அந்த நேரம் முழுக்க வேலை தேங்கும். ‘சர்வர் பராமரிப்பு, நாளை வாருங்கள்’ என்ற அறிவிப்புகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலைகளும் இருக்கலாம்.

பெரியதிலிருந்து சின்னதுக்கு...

அண்டாத் தண்ணீரைச் சொம்பில் ஊற்றினால்? சிந்தும். சிந்துகிறது என்று யார் சொல்வது என்பதுதான் இங்கே கேள்வி.

ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ், உள்ளே இருக்கும் தகவலைவிடச் சின்னதாகக் கட்டத்தைக் குறைக்கச் சொன்னால், ‘முடியாது’ என்று மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸும் அளவு மீறி வருவதை ஏற்காமல் பிழை காட்டும். ஆனால், ‘இதை இத்தனை எழுத்தாக மாற்று’ என்று நேரடியாக உத்தரவு போட்டால், பேசாமல் வெட்டிவிடும். இது அதன் தவறு இல்லை. எஸ்கியூஎல் மொழியின் விதியே அப்படித்தான் சொல்கிறது. ‘நீயே கேட்டாய், நான் செய்தேன்’ என்கிறது மெஷின்.

மைஎஸ்கியூஎல் நெடுங்காலம் தாராளமாக இருந்தது. நீளம் மீறினால் வெட்டிப் போட்டுவிட்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் பதிவு செய்யும். அந்த எச்சரிக்கையைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. 2015-ல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான், ‘அளவு மீறினால் ஏற்கமாட்டேன்’ என்ற கண்டிப்பு இயல்பான நடைமுறை ஆனது.

சத்தமில்லாமல் வெட்டுவது எவ்வளவு விபரீதம் என்பதற்கு அதே 2015-ல் ஓர் உதாரணம் கிடைத்தது. வலைத்தளங்கள் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேரில் வாசகர் கருத்துகள் ‘டெக்ஸ்ட்’ கட்டத்தில்தான் சேமிக்கப்பட்டன. வேண்டுமென்றே 65,535 பைட்டைத் தாண்டி ஒரு கருத்தை எழுதினால், பாதுகாப்புச் சோதனை முழுக் கருத்தையும் பார்த்து ‘சரி’ என்று அனுமதிக்கும். பிறகு டேட்டாபேஸ் அதன் வாலை வெட்டும். வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டு, தளத்தின் நிர்வாகி திறந்து பார்க்கும்போது விஷமமான கட்டளையாக மாறிவிடும். சோதித்தது ஒன்று, சேமித்தது இன்னொன்று! அந்த ஏப்ரலிலேயே அவசரமாகப் புதிய பதிப்பு வெளியிட்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

ஸ்மைலியும் ஒரு காலத்தில் கத்திரிக்கோலாக இருந்தது தெரியுமா? மைஎஸ்கியூஎல்லில் ‘யூடிஎஃப்-8’ என்று பெயர் சூட்டியிருந்த பழைய முறை, ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் கொடுத்தது. தமிழ் அதில் அடங்கிவிடும். எமோஜிக்கு 4 பைட் வேண்டும். கண்டிப்பு இல்லாத அமைப்பில், கடிதத்தின் நடுவே ஒரு சிரிக்கும் முகம் வந்தால், அந்த இடத்தோடு கடிதம் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் எழுதிய அத்தனையும் மாயம். இதற்காகவே 4 பைட் கொள்ளும் புதிய முறையை 2010-ல் கொண்டுவந்தார்கள்.

வால் போனால் பொருளே போகும்

பெயரில் வால் போனால் அலைச்சல். வாக்கியத்தில் வால் போனால்? அதிலும் தமிழ் வாக்கியத்தில்?

தமிழில் வினை கடைசியில்தான் வரும். ‘ஆம்’, ‘இல்லை’, ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கும். ஒரு நோயாளியைப் பற்றி, ‘பென்சிலின் கொடுக்க வேண்டாம்’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கட்டத்தைக் குறுக்கும்போது கடைசிச் சொல் வெளியே விழுந்துவிட்டால், மிஞ்சுவது ‘பென்சிலின் கொடுக்க’. ஆங்கிலத்தில் ‘கொடுக்காதே’ என்பது முதலிலேயே வந்துவிடும். வால் போனாலும் எச்சரிக்கையாவது மிஞ்சும். தமிழில் உயிரே வாலில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு குறி போனாலும் வித்தியாசம் வரும். புள்ளி தனிக் குறி என்று பார்த்தோம் அல்லவா? 15 குறிகள் மட்டும் கொள்ளும் கட்டத்தில் மீனாட்சிசுந்தரத்தைப் போட்டால், கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து ‘மீனாட்சிசுந்தரம’ என்று நிற்கும். ‘குமார்’ என்பது ‘குமார’ ஆகும். பார்ப்பவர், ‘யாரோ புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள்’ என்றுதான் நினைப்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ‘அய்யோ, சின்னதாக்கிவிட்டோமே’ என்று கட்டத்தை மறுபடி 50 ஆக்கினால், ‘சுந்தரம்’ திரும்பி வராது! கட்டம்தான் பெரிதாகும். உள்ளே மீனாட்சியும் வெற்றிடமும்தான் இருக்கும். வெட்டியது வெட்டியதுதான். பழைய பிரதி எங்காவது பத்திரமாக இருந்தால் மட்டுமே மீட்க முடியும்.

ஹவாயில் ஒரு பெண்மணி

பெயர் வெட்டுப்படுவது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவின் ஹவாய் தீவுகளில் ஒரு பெண்மணிக்குக் கணவர் வழியில் வந்த குடும்பப் பெயர் 35 எழுத்து. அதோடு ஹவாய் மொழிக்கே உரிய ‘ஒகினா’ என்ற குறி ஒன்றும் சேர்ந்தால் 36. ஓட்டுநர் உரிமத்தில் அதற்கு இருந்த இடமோ 35. உரிமத்தில் குடும்பப் பெயரின் கடைசி எழுத்து காணாமல் போனது. சொந்தப் பெயருக்கு இடமே இல்லாமல் போனது.

‘பெயரைச் சுருக்கிக்கொள்ளுங்களேன்’ என்பது எளிதான யோசனைதான். அவர் சம்மதிக்கவில்லை. அது பரம்பரைப் பெயர், அர்த்தமுள்ள பெயர். பெயருக்கு ஏற்பக் கட்டம் மாற வேண்டுமே தவிர, கட்டத்துக்கு ஏற்பப் பெயர் மாறக் கூடாது என்று செய்தி ஊடகத்துக்கு எழுதினார். விஷயம் பரவியது. 2013-ல் அந்த மாநிலம் கட்டத்தை 40 எழுத்தாக்கியது.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற இடங்களும் உண்டு. பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகள் கலந்த இரண்டு வரிகள் இருக்கும். மெஷின் படிப்பதற்கான அந்த வரியில் 44 இடங்கள். ஆவண வகைக்கும் நாட்டுக்கும் 5 போக, பெயருக்கு 39. ராமலிங்கம் என்பது குடும்பப் பெயராகவும், தஞ்சாவூர் மீனாட்சிசுந்தரம் என்பது இயற்பெயராகவும் இருந்தால், ஆங்கில எழுத்துகளும் இடைக்குறிகளும் சேர்ந்து கச்சிதமாக 39 வரும். இன்னும் ஓர் எழுத்து கூடினால் சுருக்க வேண்டியதுதான். ஆனால், எப்படிச் சுருக்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே விதி எழுதிவைத்திருக்கிறார்கள். மனிதர் படிக்கும் பகுதியில் பெயர் தனியாக இருக்கிறது. சொல்லிவிட்டுச் சுருக்குவதற்கும் சொல்லாமல் வெட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நல்ல தையல்காரர் என்ன செய்வார்?

துணியை வெட்டும் முன் இரண்டு முறை அளப்பார். கட்டத்தைக் குறுக்கும் முன் செய்ய வேண்டியதும் அதுவே.

முதலில், இப்போது உள்ளே இருப்பதிலேயே மிக நீளமானது எவ்வளவு என்று டேட்டாபேஸையே கேட்கலாம். ஒரு வரி உத்தரவு போதும். குறியில் எவ்வளவு, பைட்டில் எவ்வளவு என்று இரண்டையும் கேட்க வேண்டும்.

அடுத்து, புதிய அளவுக்குள் அடங்காத வரிகளைத் தனியே பட்டியல் எடுக்க வேண்டும். பத்துப் பேர் என்றாலும் பத்தாயிரம் பேர் என்றாலும், அவர்கள் எண்ணிக்கை அல்ல, மனிதர்கள். ‘கட்டத்தைக் குறுக்கத்தான் வேண்டுமா?’ என்ற கேள்வியை அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். பல சமயங்களில் ‘வேண்டாம்’ என்பதே பதிலாக இருக்கும்.

குறுக்கியே ஆக வேண்டும் என்றால், பழைய கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிய கட்டம் போட்டு, அதில் நகல் எடுத்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். அடங்காததற்கு என்ன செய்வது என்று மனிதர்தான் முடிவெடுக்க வேண்டும், மெஷின் இல்லை. எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் பழைய கட்டத்தை நீக்கலாம். அப்போதும் ஒரு முழுப் பிரதி வேறிடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும்.

சோதிக்கும்போது குட்டிப் பெயர்களை மட்டும் போட்டுப் பார்த்தால் போதாது. நீளமான தமிழ்ப் பெயர், இனிஷியலை விரித்து எழுதிய பெயர், எமோஜி உள்ள வரி என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். தொட்டி பெரிதாக இருந்து குழாய் குறுகலாக இருந்தாலும் தண்ணீர் வராது. கட்டம் மட்டுமல்ல, அதிலிருந்து அச்சாகும் ரசீது, அட்டை, எஸ்.எம்.எஸ் எல்லாவற்றிலும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பும்போது, பெயரின் கடைசி எழுத்து வரை விழுந்திருக்கிறதா என்று ‘சப்மிட்’ அழுத்தும் முன் பாருங்கள். சில ஃபாரங்கள் அளவு முடிந்ததும் டைப் செய்வதை ஏற்காமல் நின்றுவிடும். நாம் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் கவனிக்க மாட்டோம்.

ஒப்புகைச் சீட்டு வந்ததும் பெயர், தந்தை பெயர், முகவரியின் கடைசி வரி மூன்றையும் படியுங்கள். வெட்டு விழுவது பெரும்பாலும் முடிவில்தான். சீட்டை போனில் படம் எடுத்து வையுங்கள். ‘முதலில் சரியாகத்தான் இருந்தது’ என்று காட்ட அதுவே சாட்சி.

ஒரு அலுவலகமோ நிறுவனமோ ‘புதிய முறைக்கு மாறிவிட்டோம்’ என்று அறிவித்தால், உடனே ஒரு முறை உள்ளே போய் உங்கள் விவரங்களைச் சரிபாருங்கள். பழைய பிரதி அழிவதற்குள் சொன்னால் சரிசெய்வது சுலபம்.

முக்கியமான குறிப்பு எழுத வேண்டி வந்தால், முக்கியமானதை முதலில் எழுதுங்கள். ‘ஒவ்வாமை: பென்சிலின்’ என்று ஆரம்பித்தால், வால் போனாலும் தலை பிழைக்கும்.

நம் மீனாட்சிசுந்தரம் கடைசியில் என்ன செய்தார்? பழைய ரசீதுகளைக் கோப்பில் தைத்து வைத்திருந்தார். ஆசிரியர் அல்லவா! அவற்றை எடுத்துக்கொண்டு போய் மேஜையில் வைத்தார். அலுவலகத்தில் பழைய பிரதியைத் தேடி எடுத்து, கட்டத்தை அகலப்படுத்தினார்கள். ‘சுந்தரம்’ திரும்பி வந்தது. அதோடு, அவரைப் போலவே வெட்டுப்பட்ட இன்னும் பலர் அந்தப் பட்டியலில் இருப்பதும் தெரியவந்தது. ‘நாலு எழுத்துதானே’ என்று அவர் விட்டிருந்தால், அவர்கள் பெயரும் வாலில்லாமலே இருந்திருக்கும்.

பேத்தி மட்டும் இன்னமும் “மீனாட்சிப் பாட்டி” என்றுதான் கூப்பிடுகிறாள். அதைத் திருத்த எந்த டேட்டாபேஸாலும் முடியாது!